இறுகிய ஸ்பார்க் பிளக்கைக் கழற்றுதல்

நெய்யாறு கடலோடு கலக்கும் பூவார் போன்ற கரையோர ஊர்களில் மோட்டார் வண்டி வைத்திருப்போர், ஸ்பார்க் பிளக்கை நெடுநாள் தொடாமல் விட்டுவிடுதல் நன்றன்று. 1983-இல் வெளிவந்த மாருதி 800 முதலாகப் பல வண்டிகளில் சிலிண்டர் தலை அலுமினியத்தாலானது. பிளக்கின் உடலோ எஃகு. இவ்விரண்டிற்கும் இடையே உப்பீரம் புகுமாயின் மின்வேதியியல் அரிப்பு நிகழ்ந்து, அதனால் விளையும் வெண்பொடி மரையை அடைத்துக்கொள்ளும். உள்முனையில் படியும் கரியும் அதனோடு சேர்ந்துகொள்கிறது. 2004-க்குப் பின் அமெரிக்காவில் ஃபோர்டு நிறுவனத்தின் சில 5.4 லிட்டர் இஞ்சின்களில் பிளக்கின் நீண்ட உறை இக்கரியால் பிடிபட்டு, கழற்றும்போது முறிந்து உள்ளேயே தங்கிற்று. அதனை எடுப்பதற்கென்றே தனிக்கருவி செய்யவேண்டியதாயிற்று!

அலுமினியம் எஃகைக் காட்டிலும் ஏறக்குறைய இருமடங்கு விரிவடையும். ஆகவே இஞ்சின் சூடாயிருக்கையில் கழற்றுவது எளிதென்று சிலர் கருதுவர். ஆயின் சூடேறிய அலுமினிய மரை எளிதில் பிய்ந்துவிடும். இஞ்சின் ஆறியபின் கழற்றுவதே தக்கது. முதலில் குழியிலுள்ள மணலையும் தூசியையும் காற்றால் ஊதி அகற்றுக. பிளக்கைச் சிறிதே தளர்த்தி, ஊடுருவும் எண்ணெய் சில துளி விட்டுக் காத்திருக்க வேண்டும். பின்னர்த் திருகுகையில் கடினம் தோன்றினால் வலிந்து திருப்பாமல், சற்றே உள்நோக்கித் திருப்பி மீண்டும் வெளிக்கொணர்க. பொறுமையன்றி வேறு வழியில்லை.

புதிய பிளக்கைக் கையாலேயே இறுதிவரை திருகவேண்டும். வாஷருடன் கூடிய 14 மில்லிமீட்டர் பிளக்காயின், அதன்பின் ஸ்பானரால் அரைச்சுற்று முதல் மூன்றில் இரு பங்குச் சுற்றே போதும். மேற்பூச்சுள்ள பிளக்கின் மரையில் மசகு தடவினால் உராய்வு குறைந்து, அதே விசையிலும் அளவுக்கு மீறி இறுகிவிடும்.