இரத்தம் சொல்லும் சேதி

பெருங்குடலில் வளர்ந்த புற்றுக்கட்டியை அறுவைச் சிகிச்சையில் அகற்றிய பிறகும் நோயாளியின் மனத்தில் ஒரு கேள்வி இருக்கும். “டாக்டர், இந்த நோய் திரும்ப வருமா?”

சிங்கப்பூரில் அதிகம் காணப்படும் புற்றுநோய்களுள் இதுவும் ஒன்று. எனவே, லிட்டில் இந்தியாவுக்கு அருகிலுள்ள டான் டோக் செங் மருத்துவமனை போன்ற இடங்களில் இக்கேள்வி புதிதன்று. விடை தேட, மருத்துவர்கள் சில மாதங்களுக்கு ஒருமுறை நோயாளியின் இரத்தத்தில் ‘சிஇஏ’ என்னும் புரதத்தின் அளவைப் பார்ப்பதுண்டு.

இப்புரதத்தை 1965ஆம் ஆண்டில் உலகுக்கு அறிவித்தவர்கள், கனடாவின் மோன்ட்ரியால் நகரைச் சேர்ந்த ஃபில் கோல்ட், சாமுவேல் ஃபிரீட்மன் ஆகிய இருவர். ஒருவரின் கட்டியை இன்னொருவரின் நல்ல குடலோடு ஒப்பிட்டால், காணும் வேறுபாடு நோயால் வந்ததா, ஆளுக்கு ஆள் மாறும் இயல்பால் வந்ததா என்று எப்படிச் சொல்வது? ஆகவே, அதே நோயாளியின் குடலில் கட்டிக்குத் தொலைவில் இருந்த நல்ல பகுதியையே அவர்கள் ஒப்பிட எடுத்துக்கொண்டார்கள். எவ்வளவு எளிய யோசனை! கட்டியில் மட்டும் ஒரு புரதம் தென்பட்டது. பிறகு தேடியபோது, தாயின் வயிற்றில் வளரும் கருவின் குடலிலும் அதே புரதம் இருந்தது! பிறப்பதற்குள் பெரும்பாலும் அடங்கிவிடும் அப்புரதத்தைப் புற்றணுக்கள் மீண்டும் உண்டாக்குகின்றன.

கட்டி முழுமையாக நீங்கினால், உயர்ந்திருந்த சிஇஏ அளவு சில வாரங்களில் இறங்கிவிடும். இறங்காவிட்டாலோ, இறங்கியபின் மீண்டும் ஏறினாலோ, மருத்துவர் ஸ்கேன் எடுக்கச் சொல்வார். வலி தெரியுமுன்பே இவ்வெச்சரிக்கை கிடைக்கக்கூடும். கல்லீரலுக்குப் பரவிய கட்டியைச் சிறிதாக இருக்கும்போதே கண்டால், அதையும் அகற்ற வாய்ப்புண்டு.

ஆனால், புகைபிடிப்பவர்களுக்குப் புற்றுநோய் இல்லாமலேயே இவ்வளவு சற்று உயர்ந்திருக்கலாம். கல்லீரல் நோயும் அதை உயர்த்தும். சிலருடைய கட்டிகளோ இப்புரதத்தை வெளியிடுவதே இல்லை. அதனால் மருத்துவர் ஒரே ஓர் எண்ணை வைத்து முடிவு செய்வதில்லை. அடுத்தடுத்த சோதனைகளில் அது ஏறுகிறதா, இறங்குகிறதா என்றே கவனிக்கிறார். தாத்தாவின் சோதனை முடிவைக் கைப்பேசியில் பார்த்ததும் இணையத்தில் விளக்கம் தேடும் பேரப்பிள்ளைகளுக்கு இது தெரிந்திருப்பது நல்லது.

உணவுக்குழாய்ப் புற்றுநோயில் சிஇஏ இந்த அளவுக்குக் கைகொடுப்பதில்லை. எனவே, அறுவைச் சிகிச்சையில் அகற்றிய திசுவிலும் நோயாளியின் இரத்தத்திலும் வேறு புரதங்களை ஆய்வாளர்கள் தேடி வருகின்றனர். ஒன்றை மட்டும் நம்பாமல் பல புரதங்களைச் சேர்த்துப் பார்த்து, யாருக்கு நோய் திரும்பக்கூடும் என்று கணிக்க முயல்கின்றனர்.