ஆங்கிலம் பழகுவோம்: நம் நாளிலேயே சின்ன நேரம் எது?



இந்த மாதப் பாடம் ஓய்வு நேரத்தைப் பற்றியது. "ஓய்வா? ராத்திரி படுத்தா அதுதான் எங்களுக்கு ஓய்வு" என்று குழுக் கூட்டங்களில் பலர் சொல்கிறீர்கள். அந்தப் பேச்சையே இந்த முறை பாடமாக எடுத்துக்கொள்வோம். எழுதத் தெரியாதவர்களும் வாயால் சொல்லிப் பழகலாம். வீட்டில் படிக்கிற பிள்ளை இருந்தால், இந்தச் சொற்களை ஆங்கில எழுத்தில் எழுதிக் காட்டச் சொல்லுங்கள்.

'லேயே' வந்தால் 'எஸ்ட்' வரும்

"ஊரிலேயே பெரிய கிணறு", "வாரத்திலேயே வேலை அதிகமான நாள்" என்று நாம் பேசுகிறோம். பல பொருள்களைச் சேர்த்துப் பார்த்து, அதில் ஒன்றைத் தனியாக எடுத்துக் காட்டுகிறோம். தமிழில் இந்த 'லேயே' வருகிற இடத்தில், ஆங்கிலத்தில் சொல்லின் கடைசியில் 'எஸ்ட்' சேரும். முன்னால் 'தி' வரும்.

பிக் (பெரிய) – தி பிக்கெஸ்ட்
ஸ்மால் (சின்ன) – தி ஸ்மாலெஸ்ட்
லாங் (நீளமான) – தி லாங்கெஸ்ட்
பிஸி (வேலை மும்முரமான) – தி பிஸியெஸ்ட்
ஹேப்பி (சந்தோஷமான) – தி ஹேப்பியெஸ்ட்

நீளமான சொல்லுக்கு 'எஸ்ட்' சேராது. முன்னால் 'மோஸ்ட்' போட வேண்டும். டிஃபிகல்ட் (கஷ்டமான) – தி மோஸ்ட் டிஃபிகல்ட். ரிலாக்ஸிங் (அலுப்புத் தீர்க்கிற) – தி மோஸ்ட் ரிலாக்ஸிங்.

இரண்டு சொற்கள் முழுசாக மாறிவிடும். குட் (நல்ல) – தி பெஸ்ட். பேட் (மோசமான) – தி வொர்ஸ்ட். இவற்றை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

கவனிக்க வேண்டியவை

1. 'மோஸ்ட்', 'எஸ்ட்' இரண்டையும் ஒன்றாகப் போடக் கூடாது. 'மோஸ்ட் ஹேப்பியெஸ்ட்' என்பது தப்பு. 'தி ஹேப்பியெஸ்ட்' போதும்.

2. வெறும் 'ரொம்ப' என்றால் 'வெரி'. "நான் ரொம்ப பிஸி" – ஐ ஆம் வெரி பிஸி. "வாரத்திலேயே திங்கள்கிழமைதான் பிஸி" – மண்டே இஸ் தி பிஸியெஸ்ட் டே ஆஃப் தி வீக்.

3. 'மை' (என்னுடைய) வந்தால் அந்த இடத்தில் 'தி' வேண்டாம். மை பெஸ்ட் ஃபிரண்ட் – என் உயிர்த் தோழி.

24 புளியங்கொட்டை

இப்போது பயிற்சி. அடுத்த கூட்டத்தில் சேமிப்பு, கடன் கணக்கு எல்லாம் முடிந்த பிறகு ஒரு கால் மணி நேரம் ஒதுக்குங்கள். ஒவ்வொருவரும் 24 புளியங்கொட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கொட்டை ஒரு மணி நேரம். அரை மணிக்கு ஒரு சின்னக் கல் வையுங்கள். இரண்டு கல் வைத்தால் ஒரு கொட்டையை எடுத்துவிடுங்கள்.

நேற்றைய நாளை நினைத்துப் பார்த்து, தரையில் குவியலாகப் பிரியுங்கள். தூக்கம் ஒரு குவியல். சமையல், பாத்திரம், தண்ணீர் எடுப்பது ஒன்று. ஆடு மாடு ஒன்று. கூலி வேலை அல்லது தொழில் ஒன்று. பிள்ளைகளையும் பெரியவர்களையும் கவனிப்பது ஒன்று. கடைசியாக, யாருக்காகவும் இல்லாமல் நமக்கே நமக்கான நேரம். இதற்கு ஆங்கிலத்தில் 'ஃப்ரீ டைம்'. டிவி பார்த்துக்கொண்டே கீரை ஆய்ந்தால் அது வேலைதான், ஃப்ரீ டைம் இல்லை!

இப்போது குவியலைப் பார்த்துச் சொல்லுங்கள்:

சமையல் வேலை என் நாளிலேயே நீளமான வேலை – குக்கிங் இஸ் தி லாங்கெஸ்ட் வொர்க் ஆஃப் மை டே.
என் நாளிலேயே சின்னப் பங்கு என் ஓய்வு நேரம் – மை ஃப்ரீ டைம் இஸ் தி ஸ்மாலெஸ்ட் பார்ட் ஆஃப் மை டே.

அநேகமாக இரண்டாவது வாக்கியம் எல்லோருக்கும் ஒன்றாகவே வரும். இது நம் ஊர்க் கதை மட்டும் இல்லை. 2024-இல் மத்திய அரசு நாடு முழுவதும் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு நடத்தியது. சம்பளமில்லாத வீட்டு வேலை செய்கிற பெண்கள் அதற்கு ஒரு நாளைக்குச் சராசரியாக 289 நிமிடம் செலவிடுகிறார்கள். அதே வேலையைச் செய்கிற ஆண்கள் செலவிடுவது 88 நிமிடம். அதாவது நமக்கு ஏறக்குறைய ஐந்து மணி நேரம், அவர்களுக்கு ஒன்றரை மணி நேரம்.

இங்கே ஒரு இலக்கணமும் இருக்கிறது. ஆண், பெண் என்று இரண்டை மட்டும் ஒப்பிட்டால் 'எஸ்ட்' வராது, 'அர்' வரும். அட் ஹோம், விமன் வொர்க் லாங்கர் தேன் மென் – வீட்டில் ஆண்களைவிடப் பெண்கள் அதிக நேரம் வேலை செய்கிறார்கள்.

பேசிப் பழகுங்கள்

தங்கை: அக்கா, வாட் இஸ் தி ஹேப்பியெஸ்ட் டைம் ஆஃப் யுவர் டே? (அக்கா, உங்க நாளிலேயே சந்தோஷமான நேரம் எது?)

அக்கா: ஈவினிங். ஐ சிட் அவுட்சைட் அண்ட் லிசன் டு சாங்ஸ். (சாயங்காலம். வெளியே உட்கார்ந்து பாட்டுக் கேட்பேன்.)

தங்கை: வாட் இஸ் தி பெஸ்ட் வே டு ரிலாக்ஸ்? (அலுப்புத் தீர எது நல்ல வழி?)

அக்கா: டாக்கிங் வித் மை ஃபிரண்ட்ஸ் இஸ் தி பெஸ்ட் வே. (தோழிகளோட பேசுறதுதான் நல்ல வழி.)

ஜோடி ஜோடியாக உட்கார்ந்து கேளுங்கள். பதிலை உங்கள் நாளுக்கு ஏற்ற மாதிரி மாற்றிச் சொல்லுங்கள். தப்பு வந்தால் வரட்டும், கூச்சம் வேண்டாம்.

வீட்டுப் பாடம்

1. பிஸியெஸ்ட், ஹேப்பியெஸ்ட், பெஸ்ட் – இந்த மூன்றையும் வைத்து மூன்று வாக்கியம் சொல்லிப் பழகுங்கள்.

2. புளியங்கொட்டைப் பயிற்சியை வீட்டில் கணவரோடும் பிள்ளைகளோடும் செய்யுங்கள். அவரவர் நாளை அவரவரே பிரிக்கட்டும். சண்டைக்காக இல்லை. குவியலைக் கண்ணால் பார்த்தால் பேச்சு சுலபமாகும்.

3. உங்கள் பெரிய குவியலிலிருந்து அரை மணி நேரத்தைக் குறைக்க வழி இருக்கிறதா என்று வீட்டில் எல்லோருமாகப் பேசுங்கள். தண்ணீர் எடுப்பதை மகன் செய்யலாம். ராத்திரிப் பாத்திரத்தைக் கணவர் கழுவலாம். மிச்சமாகும் நேரம் உங்களுடையது. அதில் இன்னொரு வேலையை நுழைக்காதீர்கள்.

பணத்தைச் சிறுகச் சிறுகச் சேமிக்க நாம் குழுவில் பழகிவிட்டோம். நேரத்தையும் அப்படிச் சேமிக்கலாம். அடுத்த கூட்டத்தில் யார் யாருக்கு எத்தனை கல் சேர்ந்தது என்று பேசுங்கள்.

அடுத்த இதழில் இரண்டு பொருள்களை ஒப்பிடும் 'அர்', 'தேன்' பற்றி விரிவாகப் பார்ப்போம்.