செம்பருத்தியைப் பற்றிச் சொல்லப்படுபவை

குளுவாங், கூலாய், சிகாமட் என்று ஜொகூரில் தமிழர் குடியிருக்கும் பக்கமெல்லாம் வேலியோரம் ஒரு செம்பருத்தி நிற்கும். காளியம்மனுக்கு மாலை கட்டவும் அதுதான், தலைக்கு அரைத்துத் தேய்க்கவும் அதுதான். இவ்வளவு பழகிய செடி என்பதாலேயே அதைப் பற்றிச் சொல்வதை யாரும் சரிபார்ப்பதில்லை.

மலேசியாவின் தேசிய உறுதிமொழியான ருக்குன் நெகாராவின் ஐந்து கோட்பாடுகளுக்காகவே, மலாயில் புங்கா ராயா எனப்படும் ஐந்து இதழுள்ள செம்பருத்தியைத் தேசிய மலராக்கினார்கள் என்று பள்ளி மேடைகளில் பிள்ளைகள் முழங்குகிறார்கள். ஆண்டுகள் இதற்கு ஒத்துவரவில்லை. துங்கு அப்துல் ரஹ்மான் பிரதமராக இருந்தபோது, 1960 ஜூலை 28 அன்று அது தேசிய மலரானது. மல்லிகை, தாமரை, ரோஜா, செண்பகம், மகிழம்பூ, கெனாங்கா ஆகியவையும் அப்போது பரிசீலனையில் இருந்தன. ருக்குன் நெகாராவோ 1969 மே இனக்கலவரத்துக்குப் பின், 1970 ஆகஸ்ட் 31 அன்றுதான் பிரகடனமானது. இதழ்களுக்கு அந்தப் பொருளைப் பின்னால்தான் சேர்த்தார்கள். அழகான பொருள்தான், பிள்ளைகளுக்கு அதைச் சரியான வரிசையில் சொல்லித்தர வேண்டும்.

இது மலேசிய மண்ணிலேயே தோன்றிய பூவும் அல்ல. வெளியிலிருந்து வந்து, மனிதர் கையால் பரவிய செடி.

அடுத்தது ஆபத்தான குழப்பம். இரத்த அழுத்தத்துக்கு நல்லது என்று கடைகளில் விற்கும் சிவப்புத் தேநீர், பெரும்பாலும் ரோசெல் செடியிலிருந்து வருவது. அது புளிச்சக்கீரை, செம்பருத்திக்கு உறவு, ஆனால் வேறு செடி. பூ உதிர்ந்தபின் காயைச் சுற்றிப் பருக்கும் சிவந்த புல்லிவட்டத்தைத்தான் காயவைக்கிறார்கள். அழுத்தம் சற்றுக் குறைவதாகச் சில ஆய்வுகள் கண்டதும் அதில்தான். வேலியோரப் பூவைக் கொதிக்கவைத்துக் குடித்துக்கொண்டு மருத்துவர் தந்த மாத்திரையை நிறுத்துவது உயிரோடு விளையாடுவது.

தலைமுடி விஷயத்தில் பாட்டிமார் சொன்னதில் பாதி உண்மை. இலையை அரைத்தால் வரும் கொழகொழப்பு முடியை வழவழப்பாக்கும், சிக்கெடுக்க உதவும். 2003இல் வெளியான ஓர் ஆய்வில், எலிகளின் முடி வளர்ச்சிக்குப் பூச்சாற்றைவிட இலைச்சாறே கூடுதலாக உதவியது. வழுக்கையில் முடி முளைக்கும் என்பதற்கு மனிதரிடம் உறுதியான சான்று இல்லை.

வெட்டினால் பூக்காது என்று பலர் கத்தரியைத் தொடவே அஞ்சுகிறார்கள். செம்பருத்தி புதுத் துளிரில்தான் பூக்கும். கவாத்து செய்யாத செடி உயர்ந்து, நுனியில் மட்டும் பூக்கும். வெட்டிய முற்றிய கிளையை வீசாமல் ஈர மண்ணில் நட்டால் வேர்விடும். ஆண்டிறுதி மழையில் ஜொகூரில் நீர் தேங்கும் தாழ்வான இடங்கள் உண்டு. அங்கே மேட்டுப்பாத்தியில், நல்ல வெயிலில் நட வேண்டும்.