துரு துடைக்கப்படாத வாள்

வாள் என்றதும் நம் மனக்கண்ணில் தோன்றுவது போர்க்களம். ஆனால் யப்பானின் நூதனசாலைகளில் பழைய வாள்கள் ஓவியங்களையும் சிற்பங்களையும் போலக் கலைச்செல்வங்களாகவே போற்றப்படுகின்றன. ஏன் என்பதை அவை உருவாகும் முறை சொல்லும்.

உருக்கு பிறக்கும் விதம்

'தத்தரா' எனப்படும் களிமண் உலையில் மூன்று இரவும் மூன்று பகலும் இரும்பு மணலும் மரக்கரியும் மாறிமாறி இடப்படுகின்றன. சுமார் 10 தொன் மணலும் 12 தொன் கரியும் இட்டால் கிடைப்பது ஏறத்தாழ 2.5 தொன் திணிவே. அதில் தெரிந்தெடுத்த நல்ல உருக்குத்தான் 'தமஹகானே'. கொல்லன் அதைக் காய்ச்சி, அடித்து, மடித்து, மீண்டும் அடிக்கிறான். பத்துத் தடவை மடித்தால் 1,024 படைகள்! இதனால் அழுக்குகள் நீங்கி, காபன் எங்கும் சீராகப் பரவுகிறது.

களிமண்ணும் நீரும்

கடினமான உருக்கு எளிதில் உடையும். மென்மையானது எளிதில் வளையும். இந்தச் சிக்கலைக் கொல்லன் களிமண்ணால் தீர்த்தான். வாளின் முதுகில் தடிப்பாகவும் விளிம்பில் மெல்லியதாகவும் களிமண் பூசி, செஞ்சூடாக்கி நீரில் தோய்த்தான். விரைவாகக் குளிர்ந்த விளிம்பு கடினமாகி விரிந்தது. மெதுவாகக் குளிர்ந்த முதுகு உடையாத உறுதியைப் பெற்றது. வாளின் வளைவு இதனால் மேலும் கூடியது. இரண்டும் சந்திக்கும் இடத்தில் தெரியும் அலைக்கோடே 'ஹமோன்'. வெப்பமானி இல்லாத காலத்தில், நெருப்பின் நிறமே அவனுக்கு அளவுகோல்.

துரு சொல்லும் சாட்சி

பழைய வாளின் அலகைத் தீட்டி மெருகேற்றுவார்கள். ஆனால் பிடிக்குள் மறைந்திருக்கும் அடித்தண்டின் துருவைத் துடைக்கமாட்டார்கள். வாளின் வயதைக் கணிக்க அந்தத் துருவின் நிறம் உதவுகிறது. கொல்லனின் பெயர் பொறிக்கப்படுவதும் அங்கேதான்.

அழிவின் விளிம்பில்

1876இல் பொது இடங்களில் வாள் அணிவது தடைசெய்யப்பட்டது. கொல்லர் பலர் பிழைப்பை இழந்தனர். 1945இல் போரில் தோற்ற யப்பான் தன் ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டியதாயிற்று. மாபெரும் கொல்லன் மசமுனே ஆக்கியதாகப் போற்றப்பட்ட 'ஹொன்ஜோ மசமுனே' என்னும் தேசியச் செல்வம் அப்போது கைமாறியது. பின்னர் காணாமலே போயிற்று.

காணாமற்போன வாளை ஒருநாள் கண்டெடுக்கலாம். மறந்துபோன கைவினையை எங்கே தேடுவது? இதை உணர்ந்தவர்கள் 1948இல் கலைவாள்களைப் பாதுகாக்கச் சங்கம் அமைத்தனர். 1977இல் சிமானே பிரதேசத்தில் தத்தரா உலை மீண்டும் மூட்டப்பட்டது. இன்று வாள் ஆக்க விரும்புபவர் அனுமதி பெற்ற ஆசானிடம் குறைந்தது ஐந்து ஆண்டுகள் பயில வேண்டும். தேர்ச்சி பெற்ற பின்னும் மாதத்துக்கு இரண்டு நீள வாள்களுக்கு மேல் ஆக்க முடியாது.

பழைய வாளைக் கண்ணாடிப் பேழையில் பூட்டிக் காக்கலாம். அதை ஆக்கும் அறிவைக் காக்க ஒரே வழிதான் உண்டு: தெரிந்த கை, தெரியாத கைக்குக் கற்றுக்கொடுப்பது.