மூன்று துளைகள் எதை நிரூபிக்கின்றன?

அமெரிக்காவில் துப்பாக்கி பலருக்குப் பாதுகாப்புக்கான பொருள், சிலருக்கு வேட்டைக் கருவி, இன்னும் பலருக்கு ஓய்வு நாளின் பொழுதுபோக்கு. ஜெனீவாவில் இயங்கும் ஸ்மால் ஆர்ம்ஸ் சர்வே 2018-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி அந்நாட்டுப் பொதுமக்களிடம் இருக்கும் துப்பாக்கிகள் சுமார் 39 கோடியே 30 லட்சம். நூறு பேருக்கு நூற்றிருபது என்ற கணக்கு இது. பொழுதுபோக்காகச் சுடுபவர்கள் ஒன்றுகூடினால் பேச்சு எங்கே தொடங்கினாலும் ஒரே இடத்தில் வந்து நிற்கும்: யாருடைய ரைபிள் துல்லியமானது? அப்போது ஒருவர் மடித்து வைத்திருந்த இலக்குத் தாளை எடுத்து விரிப்பார். மூன்று துளைகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு இருக்கும். “நூறு கெஜத்தில் அரை அங்குலம், எப்போது சுட்டாலும் இப்படித்தான்” என்பார். அவர் பொய் சொல்லவில்லை. தாள் உண்மை, துளைகளும் உண்மை. அந்தத் தாள் எதை நிரூபிக்கிறது என்பதில்தான் பிழை இருக்கிறது. மூன்று துளைகளின் நெருக்கத்தில் பெரும்பங்கு தற்செயல். மிஞ்சிய பங்கும் துப்பாக்கிக்கு மட்டும் உரியதல்ல, தோட்டாவுக்கும் சுடுபவருக்கும் சேர்ந்தே உரியது.

முதலில் அளவுகோலைப் பார்ப்போம். ஒரே புள்ளியைக் குறிவைத்துத் தொடர்ந்து சுட்டால் தாளில் விழும் துளைக் கொத்தை அவர்கள் ‘குரூப்’ என்பார்கள். அதில் மிகத் தொலைவாக விழுந்த இரண்டு துளைகளின் மையங்களுக்கு இடையேயுள்ள தூரமே அந்தக் கொத்தின் அளவு. அதைக் கோணத்தில் சொல்ல எம்.ஓ.ஏ. என்ற அலகு உண்டு. ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு. நம் பஞ்சாங்கக் கணக்கர்கள் ‘கலை’ என்று சொல்லும் அதே அளவுதான். நூறு கெஜத் தொலைவில் ஒரு கலை என்பது ஓர் அங்குலத்துக்கு இம்மியளவு கூடுதல், 1.047 அங்குலம். ஆகவே ‘ஒரு கலைக்குள் சுடும் ரைபிள்’ என்பது ஒரு கௌரவப் பட்டமாகிவிட்டது. இந்த அளவுகோலில் ஒரு கோளாறு உண்டு. எத்தனை குண்டு சுட்டாலும் கொத்தின் அளவைத் தீர்மானிப்பவை ஓரத்தில் விழுந்த இரண்டு துளைகள் மட்டுமே. மற்றவை எண்ணிக்கையில் சேருமே தவிர அளவில் சேராது. குண்டுகள் கூடக்கூட எங்காவது ஒன்று சற்று விலகி விழும் வாய்ப்பும் கூடும். அதனால் சுடும் எண்ணிக்கை ஏற ஏறக் கொத்து விரியும். துப்பாக்கி கெட்டதால் அல்ல, கணக்கு அப்படி.

எவ்வளவு விரியும் என்பதையும் கணக்கிட்டுச் சொல்ல முடியும். குண்டுகள் மேல்கீழாகவும் பக்கவாட்டிலும் ஒரே அளவில் இயல்பாகச் சிதறுகின்றன என்று கொள்வோம். மூன்று குண்டுக் கொத்து சராசரியாக ஓர் அங்குலம் வரும் ரைபிளை எடுத்துக்கொண்டால், அதே ரைபிள், அதே தோட்டா, அதே ஆள், ஐந்து குண்டுக்குச் சராசரி ஏறத்தாழ ஒன்றேகால் அங்குலம்; பத்துக் குண்டுக்கு ஒன்றரை அங்குலத்தைத் தாண்டும். சராசரியை விடவும் முக்கியமானது அதைச் சுற்றி நடக்கும் ஊசலாட்டம். அந்த ஓர் அங்குல ரைபிளில் மூன்று மூன்றாகச் சுட்டுக்கொண்டே போனால் பத்தில் ஒரு கொத்து அரை அங்குலத்தையொட்டிச் சுருங்கும், பத்தில் ஒன்று ஒன்றரை அங்குலம் வரை விரியும். எதுவும் மாறாமலேயே இந்த மூன்று மடங்கு வேறுபாடு வருகிறது. அப்படியிருக்க, ஒருவர் அரை அங்குலத் தாளையும் இன்னொருவர் ஒன்றேகால் அங்குலத் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து “உன்னுடையதைவிட என்னுடையது மேல்” என்று தீர்ப்புச் சொல்வது, நாணயத்தை மூன்று முறை சுண்டிவிட்டு அது எந்தப் பக்கம் சாயும் நாணயம் என்று அறிவிப்பதற்குச் சமம். இரண்டும் ஒரே ரைபிளிலிருந்து வந்த தாள்களாகக்கூட இருக்கலாம்.

இதோடு தேர்வும் சேர்ந்துகொள்கிறது. ஒரு காலைப்பொழுதில் பத்துக் கொத்துகள் சுட்டவர் வீட்டுக்கு எடுத்துச் செல்வது மிகச் சிறியதை. மற்ற ஒன்பது தாள்களும் குப்பைக் கூடைக்குப் போகின்றன. நான்கு துளைகள் ஒட்டி விழுந்து ஐந்தாவது விலகினால், “அது என் கைத் தவறு, அதை விட்டுவிடலாம்” என்று அளவில் சேர்க்காமல் விடும் பழக்கமும் பரவலானது. கைத் தவறு உண்மையிலேயே நடக்கும்தான். ஆனால் குண்டு வெளியேறிய கணத்திலேயே, தாளைப் பார்ப்பதற்கு முன்பே, “இது தவறிவிட்டது” என்று சொன்னால்தான் அதற்கு மதிப்பு. துளையைப் பார்த்த பிறகு தேடிக் கண்டுபிடிக்கும் காரணம் காரணமல்ல. விலகி விழுந்த அந்த ஐந்தாவது துளைதான் அந்த ரைபிளின் சிதறலைப் பற்றிப் பெரும்பாலும் கூடுதலான செய்தியைத் தாங்கி நிற்கிறது. அதைத்தான் முதலில் தூக்கி எறிகிறார்கள்.

“தயாரிப்பாளரே உத்தரவாதம் தருகிறாரே” என்பது அடுத்த நம்பிக்கை. வெதர்பி நிறுவனம் தன் ரைபிள்களுக்குத் தந்துவந்த புகழ்பெற்ற உத்தரவாதத்தைப் படித்தால் அதன் எல்லை தெரியும்: குளிர்ந்த குழலிலிருந்து, உயர்தரத் தோட்டாவைக் கொண்டு, நூறு கெஜத்தில் மூன்று குண்டு 0.99 அங்குலத்துக்குள். இது நேர்மையான வாசகம். குண்டின் எண்ணிக்கையையும் நிபந்தனைகளையும் வெளிப்படையாகவே சொல்கிறது. வாங்குபவர்தான் மனத்துக்குள் ‘எப்போதும்’ என்ற சொல்லைச் சேர்த்துக்கொள்கிறார். துல்லியத்தையே போட்டியாக வைத்த பெஞ்ச்ரெஸ்ட் உலகத்தைப் பாருங்கள். மேசை மேல் ரைபிளைத் தாங்கியில் வைத்து, முடிந்தவரை சின்னக் கொத்துக்காக மட்டுமே சுடும் போட்டி அது. அங்கே ஒட்டுமொத்த வெற்றியை வழக்கமாக ஒரே கொத்தை வைத்துத் தீர்மானிப்பதில்லை. பொதுவாக ஐந்து குண்டுக் கொத்துகள் ஐந்து சுட்டு, அவற்றின் சராசரியைக்கொண்டே வரிசை தீர்மானமாகிறது. ஐந்து குண்டும் ஒரே கிழிசலுக்குள் போய்விட்டால் எத்தனை சுட்டார் என்பதே தெரியாது என்பதால், இலக்குக்குப் பின்னால் மெல்ல நகரும் இன்னொரு தாளை வைத்துத் துளைகளை எண்ணுகிறார்கள். உலகிலேயே மிகத் துல்லியமான ரைபிள்களை வைத்திருப்பவர்கள் தங்கள் கண்ணையே இவ்வளவு சந்தேகிக்கிறார்கள் என்பதை நான் பெரிதும் மதிக்கிறேன்.

சரி, நிறையச் சுட்டு நேர்மையான சராசரி எடுத்தாயிற்று. அந்த எண் ரைபிளுடையதா? மாசச்சூசெட்ஸ் மருத்துவர் ஃப்ராங்க்ளின் மான் இந்தக் கேள்விக்காகத் தன் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டார். மனிதக் கையையும் கண்ணையும் ஒதுக்கிவிட்டு, குழலை மட்டும் V வடிவத் தாங்கியில் கிடத்திச் சுடும் அமைப்பை உருவாக்கி, குண்டுகளை வேண்டுமென்றே பழுதாக்கிச் சுட்டுப் பார்த்து, 1909-இல் தன் ஆய்வைப் புத்தகமாக வெளியிட்டார். சிதறலின் முக்கியக் காரணங்களில் ஒன்றாக அவர் கண்டது குழலை அல்ல, குண்டை: எடை ஒருபுறம் சாய்ந்த குண்டு, அடிப்பகுதி சிதைந்த குண்டு. சுழன்றுகொண்டே போகும் குண்டின் எடைமையம் நடு அச்சில் இல்லாவிட்டால், குழலை விட்டு வெளிவந்த கணமே அது ஒரு பக்கம் விலகத் தொடங்கும். இன்றைய ஒலிம்பிக் வீரர்கள் இதை நடைமுறையிலேயே ஒப்புக்கொண்டவர்கள். .22 ரைபிளில் சுடுபவர்கள் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் உள்ள எலே சுடுதளத்துக்கும், ஜெர்மனியின் ஷோனபெக்கில் உள்ள லாப்புவா சுடுதளத்துக்கும் தங்கள் ரைபிளோடு போகிறார்கள். அங்கே ரைபிள் பிடிப்பானில் இறுக்கப்பட்டு, ஒரே பெயரும் ஒரே விலையும் கொண்ட தோட்டாவின் வெவ்வேறு தயாரிப்புத் தொகுதிகள் ஒவ்வொன்றாகச் சுட்டுப் பார்க்கப்படுகின்றன. ஒரு தொகுதி அந்தக் குழலுக்கு ஒத்துப்போகும், மற்றொன்று ஒத்துப்போகாது. பெட்டி மேல் இருக்கும் பெயர் ஒன்றே. துளைக் கொத்து வேறு. “இந்த ரைபிள் துல்லியமானது” என்ற வாக்கியம் எந்தத் தோட்டாவோடு என்று சொல்லாதவரை முழுமையடைவதில்லை.

நீளமான குழல் துல்லியம் கூட்டும் என்ற நம்பிக்கையையும் இங்கேயே தீர்த்துவிடலாம். நீளம் குண்டின் வேகத்தைக் கூட்டும். இரும்புக் குறிகாட்டிகள் இருந்தால் அவற்றுக்கு இடையேயுள்ள தூரம் கூடுவதால் குறிபார்ப்பது எளிதாகும். ஸ்கோப் என்னும் தொலைநோக்கி பொருத்திய ரைபிளில் நீளத்துக்காகவே துல்லியம் கூடுவதில்லை. ஒரே பருமனில் குட்டையான குழல்தான் விறைப்பானது.

விலை உயர்ந்த துப்பாக்கி நம் குறியையும் உயர்த்தும் என்ற நம்பிக்கை இவற்றைவிட ஆபத்தானது. நியூயார்க் காவல்துறையின் துப்பாக்கிப் பயிற்சியை ஆராய்ந்து ராண்ட் நிறுவனம் 2008-இல் வெளியிட்ட அறிக்கை, 1998 முதல் 2006 வரையிலான நிகழ்வுகளைக் கணக்கிட்டது. எதிராளியும் சுட்ட மோதல்களில் காவலர்களின் குண்டுகளில் 18 சதவீதமே இலக்கைத் தொட்டன. எதிராளி சுடாத நிகழ்வுகளில் 30 சதவீதம். அவர்கள் கையில் இருந்தவை நம்பகமான பிஸ்டல்கள். தாங்கியில் இறுக்கிச் சுட்டால் எந்த நல்ல பிஸ்டலும் ஆள் உயரக் குறியைத் தவறவிடாது. பிஸ்டல்களுக்கிடையே ஓர் அங்குல வேறுபாட்டை வைத்து நடக்கும் சண்டைகள், அச்சமும் அவசரமும் நடுங்கும் விரலும் உண்டாக்கும் அடிக்கணக்கான விலகலுக்கு முன் பொருளற்றவை.

மூன்று துளைகளை நம்புவதால் இன்னொரு கெடுதலும் நடக்கிறது. மூன்று குண்டு சுட்டு, கொத்தின் நடு சற்று இடப்பக்கம் தெரிந்ததும் ஸ்கோப்பின் திருகைத் திருப்புகிறார்கள்; அடுத்த மூன்று வலப்பக்கம் போனால் திரும்பவும் திருப்புகிறார்கள். மூன்று துளைகளின் நடு, ரைபிள் உண்மையில் சுடும் நடுவிலிருந்து தற்செயலாகவே விலகியிருக்கும். அமெரிக்கப் புள்ளியியலாளர் எட்வர்ட்ஸ் டெமிங் புனலையும் கோலிக்குண்டையும் வைத்து இதைத்தான் செய்துகாட்டினார். கோலி விழுந்த இடத்தைப் பார்த்து ஒவ்வொரு முறையும் புனலை எதிர்ப்பக்கம் நகர்த்தினால் சிதறல் குறையாது; புள்ளியியலில் மாறுபாடு என்று சொல்லும் அளவு இரட்டிக்கும், சிதறலின் அகலம் நாற்பது சதவீதம் கூடும். திருகை ஓயாமல் திருப்புபவர், தொடாமல் விட்டிருந்தால் கிடைத்திருக்கும் துல்லியத்தையும் தன் கையாலேயே இழக்கிறார்.

வேட்டைக்காரர்கள் இதற்கு ஒரு மறுப்பு வைத்திருக்கிறார்கள். மானைச் சுட ஒரே குண்டுதான், மெல்லிய வேட்டைக் குழல் நாலைந்து குண்டிலேயே சூடேறிக் குறி நகர்ந்துவிடும், தோட்டாவும் விலை அதிகம். பத்து பத்தாகச் சுடச் சொல்வது போட்டிக்காரர் பேச்சு என்பார்கள். சூடு பற்றிய பேச்சில் உண்மை இருக்கிறது. அதற்காகக் கணக்கைக் கைவிட வேண்டியதில்லை. குளிர்ந்த குழலில் ஒரு நாளைக்கு ஒரு குண்டு, ஒரே தாளில், ஒரே புள்ளியைக் குறிவைத்துச் சுட்டு, அந்தத் தாளைப் பத்திரப்படுத்தி வந்தால் போதும். பத்துத் தடவை சுடுதளத்துக்குப் போகும்போது பத்துத் துளைகள் சேரும். செலவும் அதே பத்துத் தோட்டாதான். அந்தத் தாள் வேட்டைக்காரருக்கு வேண்டிய ஒரே கேள்விக்கு விடை சொல்லும்: என் முதல் குண்டு எங்கே விழும்? ஒரே குண்டுதான் என்பதால் சிதறல் பொருட்டல்ல என்று நினைப்பது தலைகீழ். அந்த ஒரு குண்டு முழுச் சிதறலிலிருந்து வருகிறது, பத்திரப்படுத்திய சிறந்த மூன்றிலிருந்து அல்ல. வெள்ளைவால் மானின் இதயமும் நுரையீரலும் அடங்கும் பகுதியை எட்டு அங்குல வட்டமாகக் கொள்வது வழக்கம். நூறு இருநூறு கெஜத்துக்கு இரண்டு அங்குல ரைபிளே தாராளம். அரை அங்குல ரைபிள் என்று நம்பியவர்தான் “ஐந்நூறு கெஜத்தில் இரண்டரை அங்குலம்” என்று மனக்கணக்குப் போட்டு விசையை இழுக்கிறார். உண்மைச் சிதறல் அதைப்போல இரண்டு மூன்று மடங்கு. மணிக்குப் பத்து மைல் வேகப் பக்கக்காற்று, சாதாரண .308 குண்டை அந்தத் தொலைவில் ஒன்றரை அடிக்கு மேல் தள்ளிவிடும். வயிற்றில் அடிபட்ட மான் உடனே விழாது. புதருக்குள் ஓடி மணிக்கணக்கில் துடித்துச் சாகும். பெருமைக்காகச் சொன்ன ஓர் எண்ணுக்கு வாயில்லாத ஓர் உயிர் கொடுக்கும் விலை இது.

“நாங்கள் மகிழ்ச்சிக்காகச் சுடுகிறோம், எங்களுக்கு எதற்குப் புள்ளியியல்” என்று கேட்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. சுட்டு மகிழ்வதற்கு எந்தக் கணக்கும் தேவையில்லை. இது அதைவிடத் துல்லியமானது என்று ஒப்பிடத் தொடங்கிய பிறகுதான் கணக்கு தேவைப்படுகிறது. அப்போது கேட்க வேண்டியவை சிலவே: எத்தனை குண்டு? எந்தத் தோட்டா? காட்டாமல் விட்ட தாள்கள் எத்தனை?

எல்லாத் துளைகளையும் எண்ணும் ஒழுங்கு நடைமுறைக்கு ஒவ்வாதது அல்ல. பத்து மீட்டர் ஏர் ரைபிள் போட்டியில் பத்தாம் வளையம் என்பது அரை மில்லிமீட்டர் புள்ளி. அதை நோக்கிப் போகும் குண்டின் விட்டம் 4.5 மில்லிமீட்டர். தகுதிச்சுற்றில் 60 குண்டு. ஒன்றைக்கூட ‘கைத் தவறு’ என்று ஒதுக்கிவைக்க முடியாது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் அந்த அறுபதுக்கும் சேர்த்து 630.7 புள்ளிகள் எடுத்தார். ஒரு குண்டுக்குச் சராசரி 10.5-க்குச் சற்று மேல். இறுதிச்சுற்றுக்குப் போனவர்கள் எட்டுப் பேர். அவருக்குக் கிடைத்தது பத்தாவது இடம்.