பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் துர்நாற்றம்

கழுவி முடிந்து கதவைத் திறந்தால் கோப்பைகள் பளபளக்கின்றன. ஆனால் முகத்தில் அடிப்பதோ பழைய மீன்கறி வெடுக்கு! லண்டனில் பல தமிழ் வீடுகளில் கேட்கும் முறைப்பாடு இது. எலுமிச்சை வாசனை வரும் தொங்கல் ஒன்றை வாங்கி டிஷ்வாஷருக்குள் மாட்டிவிடுவதுதான் அநேகர் செய்யும் வைத்தியம். காய்ச்சல்காரருக்கு மருந்து கொடுக்காமல் பவுடர் பூசிவிடுவது போன்றது அது. மணம் எங்கிருந்து வருகிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

பெரும்பாலும் அது அடியில் இருந்துதான் வருகிறது. கீழ்த்தட்டை வெளியே எடுத்தால் அடிப்பகுதியில் ஒரு வடிகட்டி தெரியும். அநேகமான இயந்திரங்களில் அதை இடப்பக்கமாகத் திருகினால் கையோடு வந்துவிடும். இயந்திரம் வாங்கி ஐந்து வருடமாகியும் இதைக் கழற்றியே பார்க்காத வீடுகள் உண்டு. சோற்றுப் பருக்கை, கடுகு, கறிவேப்பிலை நரம்பு, மீன் முள் எல்லாம் அங்கே தங்கி, ஈரத்தில் ஊறி அழுகுகின்றன. வாரம் ஒருமுறை கழற்றி, சுடுநீரும் பாத்திரம் கழுவும் திரவமும் விட்டு, பழைய பற்தூரிகையால் தேய்த்துக் கழுவுங்கள். கம்பித் தூரிகை வேண்டாம், வலை கெட்டுவிடும். திரும்பப் பூட்டும்போது இறுக்கமாகப் பூட்டுங்கள். இல்லையேல் கழிவு பம்புக்குள் போய்விடும். தண்ணீரைச் சுழற்றி அடிக்கும் கைகளில் உள்ள சிறு துவாரங்களையும் ஒரு பல்லுக்குத்தியால் பார்த்துவிடுங்கள். ஒரு கடுகு போதும், துவாரம் அடைபட.

அடுத்தது எங்கள் சமையலோடு சம்பந்தப்பட்டது. தேங்காயெண்ணெய் ஏறத்தாழ 24 பாகை செல்சியசுக்குக் கீழே உறைந்துவிடும். ஊரில் அது அநேகமாக எப்போதும் திரவந்தான். லண்டன் மாரி காலத்தில், சிங்குக்குக் கீழே ஓடும் குழாயில் அது வெள்ளைக் கட்டி. சொதியும் பால்கறியும் ஒட்டிய சட்டியை அப்படியே உள்ளே வைத்தால், கொழுப்பு கழிவுக் குழாயின் உட்சுவரில் படிந்து மணக்கத் தொடங்கும். 2017இல் கிழக்கு லண்டன் வைற்சப்பலில், நிலத்தடிக் கழிவுக் குழாயில் 250 மீற்றர் நீளமும் சுமார் 130 தொன் நிறையும் கொண்ட கொழுப்புப் பாறை ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். அதன் ஒரு துண்டை மறுவருடம் லண்டன் அருங்காட்சியகத்தில் காட்சிக்கும் வைத்தார்கள். வீட்டுக் குழாயிலும் நடப்பது இதன் சிறிய வடிவந்தான். சட்டியை முன்கூட்டியே கழுவத் தேவையில்லை. சமையலறைக் கடதாசியால் எண்ணெயைத் துடைத்து, மிச்சத்தை வழித்துப் போட்டாலே போதும்.

மின்கட்டணம் ஏறியதிலிருந்து எல்லோரும் ‘ஈகோ’ முறையிலேயே ஓட்டுகிறோம். அதில் தண்ணீர் ஏறத்தாழ 50 பாகை வரைதான் சூடாகும். பாத்திரத்துக்கு அது போதும். ஆனால் உள்ளே படியும் கொழுப்பைக் கரைக்க, மாதம் ஒருமுறை 65, 70 பாகைச் சூட்டில் வெறுமையாக ஓட்டுவது நல்லது. லண்டன் தண்ணீரும் இதில் ஒரு பங்காளி. சுண்ணப் பாறைகளில் ஊறி வருவதால், ஹரோவில் இருந்தாலும் ஈஸ்ட்ஹாமில் இருந்தாலும் கடினநீர்தான். வெள்ளையாகப் படியும் சுண்ணத்தில் கொழுப்பும் கிருமியும் நன்றாகப் பிடித்துக்கொள்ளும். மாத்திரையிலேயே உப்பு இருக்கிறதென்று பெட்டியில் எழுதியிருந்தாலும், டிஷ்வாஷர் உப்பைத் தனியாகப் போடுங்கள். கறிக்குப் போடும் உப்பு கூடாது.

கதவைச் சுற்றியுள்ள கறுப்பு ரப்பரை விரலால் தடவிப் பாருங்கள். வழுவழுப்பாக இருந்தால் அங்கே பூஞ்சணம் குடியிருக்கக்கூடும். ஸ்லோவேனிய ஆய்வாளர்கள் 18 நாடுகளில் 189 இயந்திரங்களின் ரப்பர்களைச் சோதித்து, 2011இல் முடிவை வெளியிட்டார்கள். 62 வீதமானவற்றில் பூஞ்சணம் இருந்தது. சூடு, உப்பு, சவர்க்காரம் எல்லாவற்றையும் தாங்கும் கறுப்பு மதுவம் ஒன்றும் அவற்றில் பலவற்றில் காணப்பட்டது. நல்ல ஆரோக்கியமுள்ளவர்கள் இதற்காகப் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் புற்றுநோய்ச் சிகிச்சை பெறுபவர், உறுப்பு மாற்றம் செய்தவர், சிஸ்ரிக் பைப்ரோசிஸ் நோயாளி வீட்டில் இருந்தால் ரப்பரை ஒழுங்காகத் துடையுங்கள். ஓடி முடிந்தவுடன் எழும் ஆவியில் அவர்கள் முகத்தைக் கொடுக்காமல் இருப்பது நல்லது. ஆவி அடங்கியபின் கதவைச் சற்றுத் திறந்து உள்ளே காயவிடுங்கள்.

சுத்தம் செய்ய, இதற்கென்றே விற்கும் கிளீனரையோ சிட்ரிக் அமிலத்தையோ, பெட்டியில் சொன்ன அளவில் பாவியுங்கள். வினாகிரியை அடிக்கடி ஊற்றினால் ரப்பர் பழுதாகலாம். பிளீச் வேண்டவே வேண்டாம். அது துருப்பிடிக்காத இரும்பையும் அரிக்கும். வினாகிரியோடோ சிட்ரிக் அமிலத்தோடோ பிளீச் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். சிறிய சமையலறையில், ஆஸ்துமா உள்ளவருக்கு இது ஆபத்து.

இனி, மீன் சமைக்காத நாளிலும் மீன் வெடுக்கு வந்தால்? வடிகட்டி, ரப்பர் எல்லாம் சுத்தமாக இருந்தும் மணம் போகவில்லையா? பிளக்கையும் சுவிட்சையும் கவனியுங்கள். வயர் இணைப்பு தளர்ந்து சூடேறும்போது, சிலவகைப் பிளாஸ்டிக்குகள் கெட்ட மீன் போலவே மணக்கும். எங்கள் வீடுகளில் இதை நேற்றைய கறி என்று நினைத்து விட்டுவிடுவது மிகவும் சுலபம். பிளக் பழுப்பு நிறமாகியிருந்தாலோ, சூடாக இருந்தாலோ, பாதுகாப்பாகச் செய்ய முடியுமானால் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, பதிவுபெற்ற மின்தொழிலாளி பார்க்கும்வரை பாவிக்காதீர்கள். டிஷ்வாஷரை எக்ஸ்ரென்சன் வயரில் மாட்டாதீர்கள். மலிவுக் கட்டணத்துக்காக இரவில் போட்டுவிட்டுப் படுக்கும் பழக்கம் பலரிடம் உண்டு. மிச்சப்படும் சில பென்ஸ்களுக்கு அது தகாது. எல்லோரும் உறங்கும்போதும், வீட்டில் ஆளில்லாதபோதும் இவ்வியந்திரங்களை ஓட்ட வேண்டாம் என்றே லண்டன் தீயணைப்புப் படையும் சொல்கிறது. புகை கண்டால் எதையும் எடுக்க நிற்காமல் எல்லோரையும் கூட்டிக்கொண்டு வெளியேறி, 999ஐ அழையுங்கள்.