கூட்டத்தின் குரல் கேட்கட்டும்

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய ஒலிப்பதிவை இரண்டு முறை கேட்டேன். உங்கள் ஊர்க் கபடிப் போட்டிக்கு நீ சொன்ன வர்ணனையில் குரல் கணீரென்று இருக்கிறது. தமிழ் எங்கும் தடுக்கவில்லை. ஆனால், பாடிப் போன பையன் மூன்று பேரைத் தொட்டுவிட்டு நடுக்கோட்டில் வந்து விழுந்த நொடியில் ஊரே போட்ட கூச்சல், உன் பேச்சுக்கு அடியில் அமுங்கிப் போயிற்று. எனக்கு அதுதான் மனக்குறை.

தொலைக்காட்சியில் வர்ணனையாளர் ஆகவேண்டும் என்று எழுதியிருக்கிறாய். அப்படியானால் வின் ஸ்கல்லியைத் தெரிந்துகொள். டாட்ஜர்ஸ் என்ற பேஸ்பால் அணிக்கு 1950இல் புரூக்ளினில் வர்ணனை சொல்லத் தொடங்கியவர். 1958இல் அணி லாஸ் ஏஞ்சலிஸுக்குக் குடிபெயர்ந்தபோது கூடவே போனார். 2016இல் ஓய்வு பெறும்வரை 67 சீசன்கள், ஒரே அணி. அமெரிக்கா முழுவதற்கும் போகும் ஒளிபரப்புகளிலும் பேசியிருக்கிறார். ஆனாலும் அவரைத் தங்கள் வீட்டு மனிதராக வைத்துக்கொண்டது லாஸ் ஏஞ்சலிஸ்தான். டிக்கெட் வாங்கி மைதானத்தில் உட்கார்ந்தவர்கள்கூட, கண்ணெதிரே நடப்பதை அவர் வாயால் கேட்க டிரான்சிஸ்டரைக் கையோடு கொண்டுவந்தார்கள்.

ஸ்கல்லி சிறுவனாக இருந்தபோது, வீட்டிலிருந்த பெரிய வானொலிப் பெட்டியின் கால்களுக்கு நடுவே ஊர்ந்து போய், பிஸ்கட்டையும் பாலையும் வைத்துக்கொண்டு படுத்துக்கொள்வாராம். எந்த அணி ஆடுகிறது என்பது அவருக்குப் பெரிதில்லை. மேலேயிருந்து தலையில் கொட்டும் ஆரவாரம்தான் வேண்டும்.

1988 அக்டோபர் 15. உலகத் தொடரின் முதல் ஆட்டம், கடைசிக் கட்டம், டாட்ஜர்ஸ் ஓர் ஓட்டம் பின்தங்கியிருக்கிறது. இரண்டு காலும் காயப்பட்ட டாட்ஜர்ஸ் வீரர் கிர்க் கிப்சன் நொண்டிக்கொண்டே வந்து, பந்தை ரசிகர்கள் நடுவே அடித்து ஆட்டத்தை முடித்துவைத்தார். பந்து போய்விட்டது என்று மட்டும் சொன்ன ஸ்கல்லி, அப்புறம் ஒரு நிமிடத்துக்கு மேல் வாயே திறக்கவில்லை. நேரலையில் ஒரு நிமிடம் என்பது எவ்வளவு நீளம் என்று கடிகாரத்தை வைத்துக்கொண்டு இருந்து பார், தம்பி. கிப்சன் நொண்டியபடி சுற்றி வருவதைப் படம் காட்டியது. மிச்சத்தைக் கூட்டம் சொன்னது.

இதற்காகப் பேச்சே வேண்டாம் என்று எடுத்துக்கொள்ளாதே. டாட்ஜர்ஸின் உள்ளூர் ஒளிபரப்பில் பக்கத்தில் துணை வர்ணனையாளர் இல்லாமல், மூன்று மணி நேர ஆட்டத்தை அவர் ஒற்றை ஆளாக நடத்தியிருக்கிறார். வீரர்களைப் பற்றிய கதைகளைப் பந்துக்குப் பந்து பிரித்துச் சொல்வார். வீட்டுப்பாடம் படித்துவிட்டு வந்தவருக்குத்தான் அது முடியும்.

இன்னொன்று. உன் பதிவில் பத்து நிமிடம்வரை யாருக்கு எத்தனை புள்ளி என்றே வரவில்லை. ஸ்கல்லியின் ஆசான் ரெட் பார்பர், மூன்று நிமிட மணல் கடிகாரம் ஒன்றை எதிரே வைத்திருப்பார். மணல் இறங்கியதும் ஸ்கோரைச் சொல்வார்; கடிகாரத்தைத் திருப்பி வைப்பார். உன் செல்போனிலும் அதற்கு வழி இருக்கிறது.

அடுத்த ஆட்டத்தையும் பதிவு செய்து அனுப்பு. உங்கள் ஊர்க் கூட்டம் எனக்குக் கேட்க வேண்டும்.

அன்புடன்,
அண்ணன்